நிலக்கரியில் பிறந்த ஒன்றியம்

ஊதுலையில் இரும்புத் தாதுவை இரும்பாக்குவது நிலக்கரியிலிருந்து கிடைக்கும் கல்கரி என்று வேதியியல் வகுப்பில் படித்தேன். அதே கரியும் எஃகும் நாடுகளை இணைத்த உடன்படிக்கைக்கும் மூலப்பொருளாயின என்பது எனக்குப் பெருவியப்பைத் தந்தது.

1870 முதல் 1945 வரை பிரான்சும் ஜெர்மனியும் மும்முறை போரிட்டன. பீரங்கிக்கு எஃகு வேண்டும். எஃகுக்குக் கரி வேண்டும். இவ்விரண்டையும் எந்த நாடும் தனித்து ஆளாதிருந்தால் போர் மூளுமா? 1950 மே 9 அன்று பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் ராபர்ட் சூமான் முன்வைத்த திட்டத்தின் கரு இதுவே. பிரான்சு, மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய 6 நாடுகளும் 1951 ஏப்ரல் 18இல் பாரிசில் கையொப்பமிட்டன. எந்த அரசின் ஆணைக்கும் கட்டுப்படாத உயர் ஆணையம் ஒன்று கரிக்கும் எஃகுக்கும் பொறுப்பேற்றது.

1957இல் ரோம் உடன்படிக்கைகள் பொதுச்சந்தைக்கும் அணுசக்திச் சமூகத்துக்கும் அடிகோலின. 1992இல் மாஸ்ட்ரிக்ட் நகரில் கையொப்பமான உடன்படிக்கையால் ஐரோப்பிய ஒன்றியம் உருவாயிற்று. விலகும் வழியை 2007ஆம் ஆண்டின் லிஸ்பன் உடன்படிக்கை வகுத்தது. அவ்வழியே பிரிட்டன் 2020இல் வெளியேறியது.

சமாதானத்தை வாயால் வாழ்த்துவது எளிது. அதற்காகத் தன் அதிகாரத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுப்பதே அரிது. அவ்வாறு விட்டுக்கொடுத்த அந்த ஆறு நாடுகளும் அதன்பின் தம்முள் ஒருமுறையும் போரிடவில்லை.