டீபாய்க்கு ஒரு காஸ்ட் ஷீட்: ஒன்றரை இன்ச்சில் மிச்சமாகும் அரை ஷீட் பிளைவுட்

ஹால்ல சோபா வந்தாச்சு. அடுத்து நடுவுல ஒரு டீபாய் வேணும். மேல காபி டம்ளர் வைக்கணும். உள்ள லேப்டாப், சார்ஜர், ரிமோட், பில் ஃபைல் எல்லாம் போய் அடங்கணும். ஷோரூம்ல பார்த்தா விலை கண்ணைக் கட்டுது. "ஆசாரியை வெச்சு வீட்லயே செஞ்சா பாதி விலைக்கு முடிஞ்சிடும்"னு யாராவது சொல்வாங்க.

முடியலாம், முடியாமலும் போகலாம். அது ஆசாரி கையில இல்லை, நீங்க மரக்கடைக்குப் போறதுக்கு முன்னாடி பேப்பர்ல போடுற கணக்குல இருக்கு. இன்னைக்கு அந்தக் கணக்கை முழுசா போட்டுப் பார்த்துடலாம். இதுல நான் சொல்ற ரேட் எல்லாம் உதாரணத்துக்குத்தான். உங்க ஊர் ரேட்டை அதே இடத்துல போட்டுக்கோங்க. முறை மாறாது.

முதல் படி: உள்ள என்ன வைக்கப் போறீங்க?

பெரும்பாலானவங்க டேபிளோட அளவுல இருந்து ஆரம்பிப்பாங்க. அதைத் தலைகீழா பண்ணுங்க. உள்ள வைக்கப் போற பொருட்களைத் தரையில பரப்பி, டேப் வெச்சு அளந்துடுங்க. ஸ்டோரேஜ் உயரத்தை அதுதான் தீர்மானிக்கணும்.

நம்ம உதாரணம் இது: நீளம் 40 இன்ச், அகலம் 20 இன்ச். மேல ஒரு பலகை, கீழ ஒரு பலகை. நடுவுல நிக்கிற மாதிரி மூணு பலகை: ரெண்டு ஓரத்துக்கு, ஒண்ணு தடுப்புக்கு. இடது பாதி திறந்த ஷெல்ஃப், வலது பாதி டிராயர். அடியில ஸ்க்ரூ போட்டு மாட்டுற நாலு கால். உயரம் சோபா சீட் அளவுக்கோ, அதைவிட ஒண்ணு ரெண்டு இன்ச் கம்மியாவோ இருந்தா கைக்கு வசதி.

ரெண்டாவது படி: சதுர அடியை மட்டும் நம்பாதீங்க

பிளைவுட் ஷீட் 8 அடிக்கு 4 அடி, அதாவது 32 சதுர அடி. டேபிள் பாடிக்கு 18 எம்எம் கனம் போதும்.

நிக்கிற பலகைகளோட உயரம் 9 இன்ச்னு வெச்சுப்போம். மேல், கீழ் பலகை ரெண்டும் 40 × 20. நிக்கிற பலகை மூணும் 20 × 9. டிராயர் முகப்பு சுமார் 18½ × 8½. எல்லாத்தையும் கூட்டினா கிட்டத்தட்ட 16 சதுர அடி வரும். "சரியா அரை ஷீட், சூப்பர்"னு தோணும்.

ஆனா அரை ஷீட்ங்கிறது 48 இன்ச்சுக்கு 48 இன்ச். அதுல ரெண்டு பெரிய பலகையை வெட்டினா 40 × 40 போயிடும். மிச்சம் இருக்கறது ரெண்டு பக்கத்துலயும் 8 இன்ச் பட்டை. 9 இன்ச் பலகை அதுல எப்படி வரும்? இன்னொரு அரை ஷீட் வாங்கித்தான் ஆகணும்.

இப்போ அதே உயரத்தை 7½ இன்ச்சா குறைங்க. ஒரு பட்டையில 20 × 7½ பலகை ரெண்டு வந்துடும். இன்னொரு பட்டையில மூணாவது பலகையும், 18½ × 7 டிராயர் முகப்பும் வந்துடும். ரம்பம் தின்கிற 3 எம்எம் போக எல்லாம் ஒரே அரை ஷீட்ல முடியுது. டேபிள் குள்ளமாயிடுமேன்னு கவலை வேண்டாம், 6 இன்ச் காலுக்குப் பதிலா 8 இன்ச் கால் போட்டா மொத்த உயரம் 17 இன்ச் கிட்ட வந்துடும்.

ஒன்றரை இன்ச் வித்தியாசம்தான், ஆனா மிச்சம் அரை ஷீட். கட்டிங் லிஸ்ட் போடாம ஆசாரிகிட்ட "நல்லா பெருசா போடுங்கண்ணே"ன்னு சொன்னா இந்தப் பணம் சத்தமில்லாம போயிடும். அவர் மேல தப்பு இல்லை. நீங்க கேட்ட அளவுக்கு அவர் வெட்டறார், அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கை: எல்லாக் கடையிலயும் அரை ஷீட் தர மாட்டாங்க. முன்னாடியே போன்ல கேட்டுடுங்க. முழு ஷீட்தான்னா, மிச்சப் பாதியில என்ன செய்யப் போறீங்கன்னு (செருப்பு ஸ்டாண்ட், புக் ஷெல்ஃப்) முதல்லயே முடிவு பண்ணுங்க. இல்லன்னா அது கட்டிலுக்கு அடியில தூங்கும் பணம்.

மூணாவது படி: காஸ்ட் ஷீட்

- 18 எம்எம் பிளைவுட், 16 சதுர அடி × 110 = 1,760 ரூபாய்
- டிராயர் பெட்டிக்கு 12 எம்எம், அடிப்பலகைக்கும் முதுகுக்கும் 6 எம்எம்; கடையில கிடக்கிற துண்டுகள் = 400
- மைக்கா ஒரு ஷீட் (அரை ஷீட் பிளைவுட்டோட ரெண்டு முகத்துக்கும் இதுவே போதும்) = 1,400
- டெலஸ்கோபிக் சேனல் ஒரு ஜோடி 350, கால் நாலு 600, எட்ஜ் பேண்ட் 200, பசையும் ஸ்க்ரூவும் 350, கைப்பிடி 100 = 1,600
- ஆசாரி கூலி 2 நாள் × 1,300 = 2,600
- கட்டிங், ஆட்டோ வாடகை = 700

மொத்தம் 8,460. எதிர்பாராத செலவுக்கு 10% சேர்த்தா சுமார் 9,300 ரூபாய்.

இதே மாதிரி டேபிள் ஷோரூம்ல 12,000 ரூபாய்னு வெச்சுக்கோங்க. மிச்சம் 2,700. ஆனா முன்ன சொன்ன 9 இன்ச் டிசைன்ல போயிருந்தா இன்னொரு 1,760 ஏறி, 10% சேர்த்து சுமார் 11,200 ஆகியிருக்கும். மிச்சம் 800 ரூபாய்தான். அதுக்காக ரெண்டு நாள் வீடு முழுக்க மரத்தூளா? யோசிக்க வேண்டிய விஷயம்.

பட்டியல்ல மரம் எவ்வளவுன்னு கவனிச்சீங்களா? மொத்தச் செலவுல கால்வாசிதான். அதனால "ஷீட் விலை கம்மி"ங்கிற ஒரே காரணத்துக்காக மட்டமான பிளைவுட் வாங்காதீங்க. ஷீட்ல ஐஎஸ்ஐ முத்திரையும், ஐஎஸ் 303ன்னு எண்ணும் இருக்கான்னு பாருங்க. ஐஎஸ் 710ங்கிறது மரைன் பிளைவுட். காய்ஞ்ச ஹால்ல வைக்கிற டீபாய்க்கு அந்தச் செலவு தேவையில்லை.

ஷோரூம் விலையில ஒளிஞ்சிருக்கறது

ரெடிமேட் மர ஃபர்னிச்சருக்கு 18% ஜிஎஸ்டி. அது மரத்துக்கு மட்டும் இல்லை. கூலி, கடை வாடகை, லாபம் எல்லாம் சேர்ந்த விலை மேல வருது. நீங்க சம்பளக்காரர், இன்புட் கிரெடிட் எடுக்க முடியாது. வீட்லயே செஞ்சா பிளைவுட்டுக்கும் ஹார்ட்வேருக்கும் ஜிஎஸ்டி கட்டறீங்க. ஆனா ஜிஎஸ்டி பதிவு வரம்புக்குள்ள இருக்கிற ஆசாரியோட கூலிக்கு ஜிஎஸ்டி கிடையாது. வித்தியாசத்துல ஒரு பகுதி இங்கிருந்துதான் வருது.

அடுத்து 'நோ காஸ்ட் இஎம்ஐ'. வட்டியே இல்லாத கடன் கிடையாதுன்னு ரிசர்வ் வங்கி 2013லயே வங்கிகளுக்குச் சொல்லிடுச்சு. நடக்கறது என்னன்னா, வட்டி அளவுக்கு விலையில தள்ளுபடி கொடுத்து, அதையே வட்டியா வசூல் பண்றாங்க. 12,000 ரூபாயை 6 மாசம், வருஷத்துக்கு 15% வட்டின்னு கார்டுல போட்டா வட்டி சுமார் 508. அந்த வட்டிக்கு 18% ஜிஎஸ்டி 91 ரூபாய், அது உங்க தலையில. பிராசசிங் ஃபீ 199ன்னா ஜிஎஸ்டியோட 235. ஆக மொத்தம் 326 ரூபாய் கூடுதல். தொகை சின்னதுதான், ஆனா 'நோ காஸ்ட்' இல்லை.

"நானே செஞ்சா கூலி மிச்சம்தானே?"

டிரில், ஜிக்சா, கிளாம்ப் எல்லாம் வாங்க 6,500 ஆகுதுன்னு வெச்சுக்கோங்க. மிச்சமாகிற கூலி 2,600. முதல் டேபிள் 12,360ல நிக்கும், ஷோரூமைவிட அதிகம். மூணு பொருள் செஞ்சாதான் டூல்ஸ் காசு திரும்பும். மூணு செய்வீங்களா? நேர்மையா பதில் சொல்லுங்க. ஒரே ஒரு டேபிள்னா, கடையிலயே மெஷின்ல வெட்டி வாங்கி, டிரில்லை நண்பர்கிட்ட கடன் வாங்கி மாட்டறதுதான் புத்திசாலித்தனம்.

இதுல பலர் இன்னொரு தப்பான கணக்கும் போடுவாங்க: "என் ஒரு மணி நேரம் 400 ரூபாய், ரெண்டு நாள் உழைச்சா நஷ்டம்." மாசச் சம்பளக்காரருக்கு ஞாயித்துக்கிழமை சும்மா இருந்தாலும் அதே சம்பளம்தான். அந்த நேரத்துல உண்மையா வேற வருமானம் போனா மட்டும் செலவுல சேருங்க. மத்தபடி அது ஓய்வா, பொழுதுபோக்கான்னு நீங்கதான் முடிவு பண்ணணும்.

ஆசாரிகிட்ட பேசும்போது

- கூலி மட்டுமா, சாமானோட சேர்த்து கான்ட்ராக்டான்னு தெளிவா பேசுங்க. சின்ன வேலைக்குக் கூலி மட்டும் பேசி, சாமானை நீங்களே பில்லோட வாங்கறது நல்லது.
- நாள் கூலியைவிட, "இந்த டேபிள் முடிக்க இவ்வளவு"ன்னு மொத்தமா பேசுங்க. கட்டிங் லிஸ்ட்டைக் காட்டித்தான் பேசணும்.
- மூணு தவணையா கொடுங்க: ஆரம்பத்துல கொஞ்சம், பாடி நின்னதும் கொஞ்சம், டிராயர் சிக்காம ஓடுறதைப் பார்த்துட்டு மிச்சம்.
- சேனலை முதல்ல வாங்கிக் கையில கொடுத்துட்டு டிராயர் வெட்டச் சொல்லுங்க. ரெண்டு பக்கமும் அரை இன்ச் இடம் விடணும். இதுல தப்பினா மறுபடி சாமான், மறுபடி கூலி.
- வாடகை வீடுன்னா கழட்டுற மாதிரி காலே வைங்க. வீடு மாத்தும்போது லாரிக்காரரும் நீங்களும் சிரமப்பட வேண்டாம்.

இந்த வாரம் ஒரு ஏ4 பேப்பர்ல 48 × 48 சதுரம் ஒண்ணு வரைஞ்சு, உங்க டேபிளோட பலகைகளை அதுக்குள்ள அடுக்கிப் பாருங்க. எல்லாம் அடங்கினா மரக்கடைக்குப் போங்க. அடங்கலைன்னா அளவை மாத்துங்க. பேப்பர்ல மாத்தறதுக்குக் காசு கிடையாது. அப்படியும் மிச்சம் ஆயிரம் ரூபாய்க்குக் கீழ வந்தா, தயங்காம ரெடிமேடே வாங்கிடுங்க. ஆனா இஎம்ஐல இல்லை, சேர்த்து வெச்ச காசுல.