புரட்டாசி விரதம் இருக்கும் அத்தையிடம் என்ன பேசுவாய்?

வாலிபர் கூட்டத்தில் செய்தி கேட்டுச் சூடாகி, மறுநாளே எதிர்வீட்டு அத்தைக்குச் சுவிசேஷம் சொல்லக் கிளம்பும் தங்கச்சிகளுக்கு இது. போகாதே என்று சொல்லமாட்டேன். கைப்பிரதியை மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போ.

குடித்து எல்லாவற்றையும் தொலைத்தவனிடம் கிருபையைச் சொல்வது சுலபம். தான் விழுந்து கிடப்பது அவனுக்கே தெரியும். புரட்டாசி சனிக்கிழமை தவறாமல் தளிகை போட்டு, யாருக்கும் கெடுதல் நினைக்காமல் வாழ்கிற அத்தையிடம் போய் “நீங்க பாவி” என்று ஆரம்பித்தால், காபி கொடுத்து அனுப்பிவிடுவார். அடுத்த முறை கிரில் கேட்டுக்குப் பின்னால் நின்றுதான் பேசுவார்.

முதலில் கேள். இந்த விரதம் எப்போதிலிருந்து, யாருக்காக வேண்டிக்கொண்டது? குறுக்கே பேசாதே. பெரும்பாலும் மகனுடைய வேலையோ, மாமாவின் ஆபரேஷனோ அந்தப் பதிலுக்குள் இருக்கும். ‘குறை வைத்துவிட்டோமோ’ என்ற பயம் சிலரிடம் இருக்கும், சிலரிடம் இருக்காது. இல்லாத பயத்தை நீ உண்டாக்கப் பார்க்காதே. சர்க்கரைப் பொங்கல் நீட்டினால் முகம் சுளிக்காதே. படைத்ததைச் சாப்பிடலாமா என்று பவுலே கொரிந்தியருக்கு விலாவாரியாக எழுதியிருக்கிறார். வாசித்துவிட்டு உன் மனச்சாட்சிப்படி செய். மறுப்பதானாலும் மரியாதையாக மறு.

அருளைப் பற்றி நமக்கு மட்டும்தான் தெரியும் என்ற நினைப்பு இருந்தால் விட்டுவிடு. குரங்குக் குட்டி தாயைப் பற்றிக்கொள்வதுபோல நாமும் பற்றிக்கொள்ள வேண்டும் என்பார்கள் வைணவர்களில் வடகலையார். பூனை தன் குட்டியைக் கவ்விக்கொண்டு போவதுபோல இறைவனே தூக்கிப் போவான் என்பார்கள் தென்கலையார். அருளைக் குறித்து இவ்வளவு நுணுக்கமாக வாதாடிய வீடு அத்தையுடையது. மிஷனரியாக வந்த ஜி.யு.போப்பே திருவாசகம் முழுவதையும் ஆங்கிலமாக்கி 1900-ல் வெளியிட்டார். வைணவராகப் பிறந்து 1858-ல் ஞானஸ்நானம் பெற்ற எச்.ஏ.கிருஷ்ணபிள்ளை, தான் கற்ற கம்பனைத் தூக்கி எறிந்துவிடவில்லை. அந்தத் தமிழில்தான் இரட்சணிய யாத்திரிகத்தைப் பாடினார். ஆகவே அருள் உண்டா இல்லையா என்று அத்தையோடு மல்லுக்கட்டாதே. அதற்கான விலையைக் கடவுளே கொடுத்தார், பொந்தியு பிலாத்துவின் நாளில் எருசலேமுக்கு வெளியே ஒரு சிலுவையில் கொடுத்தார் என்பதுதான் நாம் சொல்ல வேண்டியது. அதைச் சுற்றி வளைக்காமல் சொல்.

எப்படிச் சொல்வது? கதையாகச் சொல். எல்லோரும் கெட்ட குமாரனையே சொல்வார்கள். நீ மூத்தவனைச் சொல். வயலில் பாடுபட்டுத் திரும்புகிறான், வீட்டில் ஆட்டமும் பாட்டும் கேட்கிறது. உள்ளே போகமாட்டேன் என்று வாசலில் நின்றுவிடுகிறான். இத்தனை வருஷம் உழைத்த எனக்கு ஒரு ஆட்டுக்குட்டியாவது கொடுத்தீரா என்று அப்பாவிடம் கணக்குக் கேட்கிறான். விருந்தை விட்டு எழுந்து அவனையும் வருந்தி அழைக்க வெளியே வந்தவர் அந்த அப்பா. மூத்தவன் உள்ளே போனானா? லூக்கா சொல்லவில்லை. இயேசு இதைச் சொன்னதே முறுமுறுத்த பக்திமான்களிடம்தான். அவர் நிறுத்திய இடத்தில் நீயும் நிறுத்து. விளக்கவுரை வேண்டாம்.

“அப்போ சும்மாவே கிடைக்கும்னா, யார் வேணா என்ன வேணா செய்யலாமா?” என்று அத்தை கேட்டால் சந்தோஷப்படு, விஷயம் போய்ச் சேர்ந்திருக்கிறது. பவுலிடமும் இதே கேள்வி வந்தது. சகேயுவைச் சொல். இயேசு அவன் வீட்டுக்குப் போனது முதலில். பாதிச் சொத்து ஏழைகளுக்கு, ஏமாற்றியதற்கு நாலத்தனை என்று அவன் எழுந்து நின்றது அதற்குப் பிறகு.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். “ஜெபத்துக்கு வாங்க, விசா கிடைக்கும், வரன் அமையும்” என்று பேசாதே. அது கிருபை இல்லை, வேண்டுதலை ஒரு வாசலிலிருந்து இன்னொரு வாசலுக்கு மாற்றிவிடுவது. ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடப்பவரிடம் பேரம் பேசுவது அதைவிடக் கேவலம். மதத்தைப் பரப்ப அரசியல் சாசனத்தின் 25-வது பிரிவு உரிமை தருகிறது. இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அதற்குள் அடங்காது என்று 1977-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நமக்கு அதில் என்ன நஷ்டம்? மனசை மாற்றுவது நம் கையில் இல்லை என்றுதானே நாமும் பிரசங்கிக்கிறோம்! அத்தை “வேண்டாம்மா” என்றால் சரி என்று சொல். மறுநாள் எப்போதும்போல் கறிவேப்பிலை கேட்டுப் போ.

இதையெல்லாம் பழகிப் பார்க்க எதிர்வீடு வரை போக வேண்டியதில்லை. தசமபாகம் ஒரு மாதம் தவறியதால்தான் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நடுங்குகிற சித்தி நம் சபையிலேயே இருக்கிறார். உபவாச நாட்களை எண்ணி அடுத்தவரை அளக்கிற பெரியம்மாவும் முன்வரிசையில் இருக்கிறார். வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் முதலில் அவர்கள் பக்கத்தில் போய் உட்கார்.