கடைசிச் செடிக்கு உரம் எப்போது போய்ச் சேரும்?

கேள்வி: மல்லிகைக்குச் சொட்டுநீர் போட்டிருக்கிறேன். 16 எம்எம் லேட்டரல், 100 மீட்டர் நீளம், 60 செ.மீ.க்கு ஒரு 4 லிட்டர் டிரிப்பர். வெஞ்சூரியில் யூரியா கால் மணி நேரத்தில் தீர்ந்ததும் மோட்டாரை நிறுத்திவிடுவேன். வரிசையின் தலைமாட்டில் செடி கரும்பச்சை, கடைக்கோடியில் வெளிறல். ஏன்?
– ஒரு விவசாயி, திருமங்கலம்

பதில்: நீங்கள் மோட்டாரை நிறுத்தும் நேரம்தான் காரணம். உரம் விடும்போது குழாய் காலியாக இல்லை. அந்த ஒரு லேட்டரலுக்குள் மட்டும் சுமார் 15 லிட்டர் தண்ணீர் நிற்கிறது. உரக்கரைசல் அதைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். லேட்டரலின் வாயில் நொடிக்கு ஒரு மீட்டருக்கு மேல் ஓடும் தண்ணீர், ஒவ்வொரு டிரிப்பரிலும் கொஞ்சம் வெளியேற வெளியேற மெதுவாகிக்கொண்டே போகும். கடைசி 60 செ.மீ.யைக் கடக்க மட்டும் 80 நொடிக்கு மேல் பிடிக்கும். கணக்குப் போட்டால் கடைசி டிரிப்பருக்கு உரம் வர ஏறக்குறைய 8 நிமிடம். ஆக உங்கள் கால் மணி நேரத்தில் தலைமாட்டுச் செடி 15 நிமிடம் உரம் குடிக்கிறது, கடைசிச் செடிக்கு 7 நிமிடம்தான் கிடைக்கிறது. உரம் தீர்ந்த பிறகும் தண்ணீர் ஓடினால் மீதி உரம் தாமதமாக, ஆனால் முழுதாக வந்து சேரும். 'எல்லா டிரிப்பரிலும் ஒரே அளவு தண்ணீர் வருகிறதே, உரமும் அப்படித்தானே?' என்பார்கள். தண்ணீர் ஒரே அளவில் வரலாம். உரம் அப்படி வர, குழாயைக் கழுவி முடிக்க வேண்டும்.

உரம் தீர்ந்த பின் அந்த 8 நிமிடம் மட்டும் தண்ணீர் விட்டு நிறுத்திவிடவும் கூடாது. உரமும் தண்ணீரும் கோடு கிழித்தாற்போல் பிரிந்து நகர்வதில்லை. கடைசி பத்து மீட்டரில் ஓட்டம் அமைதியாகிவிடும். அங்கே குழாயின் நடுவில் ஓடும் நீருக்குச் சராசரியைப் போல் இரு மடங்கு வேகம், சுவரை ஒட்டிய நீரோ நகர்வதே இல்லை எனலாம். இப்படி ஓடும் குழாயில் கரைந்த பொருள் எப்படி நீண்டு பரவுகிறது என்பதை 1953-லேயே கேம்பிரிட்ஜ் அறிஞர் ஜெஃப்ரி டெய்லர் நுண்குழாயில் பெர்மாங்கனேட் விட்டுக் காட்டிவிட்டார். சுவரோரம் தங்கிய உரம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கழன்று வரும். மெயின், சப்மெயின் தூரம் வேறு இருக்கிறது. ஆகவே உரம் தீர்ந்த பிறகு 20 நிமிடமாவது வெறும் தண்ணீர் ஓட வேண்டும். 'யூரியா வேருக்குக் கீழே இறங்கிவிடுமே' என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் 20 நிமிடத்தில் ஒரு டிரிப்பர் விடுவது ஒன்றேகால் லிட்டர் சொச்சம். அதனால் கெடுதல் இல்லை. கெடுப்பது, முதலிலேயே உரத்தை விட்டுவிட்டு அதன் மேல் இரண்டு மணி நேரம் பாய்ச்சுவது. மொத்தப் பாசன நேரத்தில் முதல் கால் பங்கு தண்ணீர், நடுப் பாதி உரம், கடைசிக் கால் பங்கு தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கரண்ட் ஒரு நிமிடம்கூடக் கூடுதலாகத் தேவைப்படாது.

கேள்வி: லேட்டரலை 50 மீட்டராகக் குறைத்தால் நேரம் பாதியாகுமா?
– வாடிப்பட்டி வாசகர்

பதில்: ஆகாது. 8 நிமிடம் 7 ஆகும், அவ்வளவுதான். நேரத்தை விழுங்குவது கடைசிச் சில மீட்டர்கள். அவை குட்டைக் குழாயிலும் உண்டு.

கேள்வி: 12:61:0 விட்ட கையோடு கால்சியம் நைட்ரேட் விடுகிறேன். டிரிப்பரில் வெள்ளையாக அடைக்கிறது.
– மேலூர் வாசகர்

பதில்: அடைக்காமல் என்ன செய்யும்? ஒரே டேங்கில் இரண்டையும் கலக்கக் கூடாது என்று தெரிந்தவர், குழாய்க்குள் கலக்கவிடலாமா? முன்னது வெளியேறி முடியும் முன் பின்னது வந்து சேர்ந்தால், 12:61:0-வில் உள்ள பாஸ்பேட்டும் கால்சியமும் அங்கேயே கட்டியாகும். போர்த் தண்ணீரில் கால்சியம் உப்பு அதிகமுள்ள தோட்டமென்றால் இன்னும் மோசம். இரண்டையும் வேறு வேறு நாளில் விடுங்கள்.

கேள்வி: குழாய் சுத்தமாகிவிட்டதா என்று டிடிஎஸ் மீட்டரில் பார்க்கலாமா?
– உசிலம்பட்டி வாசகர்

பதில்: யூரியாவை அந்த மீட்டர் காட்டாது. பொட்டாஷ் விடும் நாளில் கடைசி டிரிப்பரின் அடியில் டம்ளர் வைத்துப் பாருங்கள். உரம் தீர்ந்ததிலிருந்து மீட்டரின் எண் வெறும் போர்த் தண்ணீரின் எண்ணுக்குத் திரும்ப எத்தனை நிமிடம் ஆகிறதோ, அதுவே உங்கள் தோட்டத்தின் கழுவும் நேரம். அதைச் சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.