நாற்சந்தியில் நிற்கும் அரசன்



அண்மையில் எமது மகள் பாடசாலையில் அமெரிக்கச் சரித்திரம் படித்து வந்தாள். 1776க்கு முன் ஆங்கிலேயருக்கு அங்கிருந்த பதின்மூன்று குடியேற்றங்கள், 1765இன் முத்திரை வரி, 1773இல் பொஸ்டன் துறைமுகத்தில் கொட்டப்பட்ட தேயிலை யாவற்றையும் ஒப்புவித்துவிட்டு, “அப்பா, எங்கட ஊரையும் ஆரும் பிடிச்சு ஆண்டவையோ?” என்று கேட்டாள். அவளுக்கு நாம் அதுவரை ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

இப்பாடத்தைப் பலெர்மோவிலேயே தொடங்கலாம். மக்கேதா வீதியும் வித்தோரியோ இமானுவேலே வீதியும் சந்திக்கும் குவாத்ரோ கான்திக்குப் பிள்ளைகளைக் கூட்டிச் செல்லுங்கள். அங்குள்ள நான்கு அரசர் சிலைகளுள் ஒன்று மூன்றாம் பிலிப்பு மன்னனுடையது. ஸ்பெயின், சிசிலி, போர்த்துக்கல் மூன்றுக்கும் அவனே அரசன். அவனது ஆட்சியில்தான், 1619இல், போர்த்துக்கேயத் தளபதி பிலிப் தெ ஒலிவேரா யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றினான். எமது கடைசி அரசன் சங்கிலி குமாரன் கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு 1623இல் கொல்லப்பட்டான். நல்லூர்க் கந்தன் ஆலயமும் ஒலிவேராவினால் இடிக்கப்பட்டது.

அடுத்து வீட்டுச் சொற்கள். யன்னல், மேசை, கதிரை, அலமாரி, சப்பாத்து என்பன போர்த்துக்கேயர் விட்டுச் சென்றவை. பிள்ளைகள் வகுப்பில் ‘பாங்கோ’ என்பதும் நாம் ‘வாங்கு’ என்பதும், இங்கே ‘பானே’ என்பதும் நாம் ‘பாண்’ என்பதும் உறவுச் சொற்களே. 1658இல் வந்த ஒல்லாந்தர் ‘கந்தோர்’ என்ற சொல்லைத் தந்தனர். எமது கறிக்கு உறைப்புத் தரும் மிளகாயும், இங்கே ‘இந்திய அத்தி’ என்று விற்கும் முட்பழமும் அமெரிக்காவிலிருந்து கடல் கடந்தவை.

கணக்காளரான எம்மைக் கவர்வது தோம்பு. ஊரூராகக் காணி, மரம், ஆள் எல்லாம் எழுதப்பட்ட வரிப் பேரேடு அது. வரி கொடுப்பதோடு ஊழியம் என்ற கட்டாய வேலையும் செய்யவேண்டியிருந்தது. யானையும் சாயவேரும் கப்பலேறின. எம்மிடம் வசூலிக்கவே எம்மை எழுதினார்கள். ஆயினும் பல பாட்டன்மாரின் பெயர் பதிவானது அந்த ஏட்டில்தான். 1995 இடப்பெயர்வில் வீட்டுக் காணியுறுதியைத் தொலைத்தவர்கள் நாம். ஓர் ஏட்டின் பெறுமதி எமக்குத் தெரியும்.

ஒரு வித்தியாசத்தையும் விளக்கவேண்டும். அமெரிக்காவில் வரியை எதிர்த்தவர்களே அங்கு குடியேறியவர்கள். பூர்வீக மக்களின் நிலத்தில் இருந்தவர்கள். பலர் ஆபிரிக்கரை அடிமைகளாக வைத்திருந்தவர்கள். எம்மூரில் ஆளப்பட்டோர் ஊரவர். ஆனால் நாமும் குற்றமற்றவர்கள் அல்லர். ஒல்லாந்தர் 1707இல் எழுதுவித்த தேசவழமைச் சட்டத்தைப் பன்னிரண்டு தமிழ் முதலியார்கள் பார்த்து ஒப்பினர். எம்மவருள்ளேயே சில சாதியினரை அடிமைகள் என்று அதிலும் எழுதியிருக்கிறது. இலங்கையில் அடிமைமுறை ஒழிந்தது 1844இல்தான். இதை மறைத்துவிட்டு மற்றவன் கொடுமையை மட்டும் சொன்னால் அது பாடமாகாது, வெறும் பகையாகிவிடும். அன்றிரவு மகளுக்கு இதைச் சொல்ல எமக்கு நா எழவில்லை. மறுநாள் சொன்னோம். “அவையின்ர பேரும் தோம்பில இருக்குமோ?” என்பதே அவள் கேட்ட கேள்வி.

பிள்ளைகளுக்குப் பயிற்சி:

1. வீட்டில் வழங்கும் ஐந்து போர்த்துக்கேயச் சொற்களை எழுதுக.
2. 1765இல் யாழ்ப்பாணத்தை ஆண்டவர் யார்?
3. அம்மம்மா, அப்பப்பாவிடம் கேட்டு, உங்கள் குடும்பத் தோம்பு ஒன்றை எழுதுக: பெயர்கள், ஊர், கிணறு, வளவில் நின்ற மரங்கள்.

மூன்றாவதைத் தள்ளிப்போடாதீர்கள். கேட்பதற்கு ஆள் இருக்கும்போதே எழுதி வைப்போம்.