எக்ஸ்-மோட்டோ: பைக் ஓட்டலாம், கீ போர்டையும் சோதிக்கலாம்

வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்ததும் பிள்ளைகள் முதலில் கேட்பது கேம்ஸ். அதிலும் பைக் ரேஸ். உடனே நாம் "ரோடு ராஷ் ஃப்ரீ டவுன்லோட்" என்று தேடுவோம். எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் 1991-ல் செகாவின் டிவி கேம் கருவிக்காக வெளியிட்ட விளையாட்டு அது. விண்டோஸ் பதிப்பு 1996-ல் வந்தது. நல்ல விளையாட்டுதான். ஆனால் "முழு வெர்ஷன் இலவசம்" என்று யாரோ ஒருவர் தரும் செட்டப் ஃபைலில் விளையாட்டுடன் வேறு என்னென்ன வருகிறது என்பது, அதை இயக்கிய பிறகுதான் தெரியும். பேங்க் கணக்கைத் திறந்து பார்ப்பதும் அதே கம்ப்யூட்டரில்தான் என்பதை மறந்து விடாதீர்கள்.

இந்த மாதம் அதற்குப் பதிலாக எக்ஸ்-மோட்டோவைப் பார்ப்போம். இது ஓப்பன் சோர்ஸ் விளையாட்டு. புரோகிராமை யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம். காசு கொடுக்க வேண்டியதில்லை. விண்டோஸ் வைத்திருப்பவர்கள், இதை எழுதியவர்களின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் டவுன்லோட் செய்யுங்கள். கிட்ஹப் தளத்தில் எக்ஸ்மோட்டோ என்று தேடினால் அவர்கள் பக்கம் கிடைக்கும். லினக்ஸ் பயன்படுத்துபவர்கள் தங்கள் சிஸ்டத்தின் மென்பொருள் பட்டியலிலேயே தேடிப் பார்க்கலாம். பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும்.

விளையாட்டு எளிது. ஹங்கேரியில் உருவாகி 2000-ல் வெளிவந்த எலாஸ்டோ மேனியாவின் வழியில் வந்தது இது. பைக்கைப் பக்கவாட்டில் பார்க்கிறீர்கள். வழியில் உள்ள ஸ்ட்ராபெர்ரி பழங்களை எல்லாம் தொட்டு எடுத்த பிறகு பூவைத் தொட வேண்டும். அவ்வளவுதான். தலை தரையில் இடித்தால் ஆட்டம் முடிந்தது.

கீக்களைப் பார்ப்போம். மேல் அம்புக்குறி ஆக்ஸிலரேட்டர், கீழ் அம்புக்குறி பிரேக். பைக் வலப்பக்கம் பார்த்து நிற்கும்போது இடது அம்புக்குறி முன் சக்கரத்தைத் தூக்கும், வலது அம்புக்குறி தாழ்த்தும். ஸ்பேஸ் பாரை அழுத்தினால் பைக் எதிர்ப்பக்கம் திரும்பிக் கொள்ளும்.

புதிதாக விளையாடுபவர்கள் எல்லாரும் செய்வது ஒன்றுதான்: மேல் அம்புக்குறியை அழுத்திய விரலை எடுக்கவே மாட்டார்கள். பைக் மல்லாந்து விழும். என்ஜின் பின் சக்கரத்தைத்தான் சுற்றுகிறது. அதை வேகமாகச் சுற்றும்போது முன் சக்கரம் எழும்புவது நிஜ பைக்கிலும் உள்ளதுதான். மேட்டில் ஏறும்போது முன்புறம் ஏற்கெனவே தூக்கி இருப்பதால் இன்னும் சுலபமாகக் கவிழும். எனவே மேட்டில் விட்டு விட்டு அழுத்துங்கள். உச்சியை நெருங்கும்போது விரலை எடுத்து விட்டு வலது அம்புக்குறியை ஒருமுறை தட்டுங்கள். குதித்து இறங்கும் இடத்தில் சரிவு எப்படி இருக்கிறதோ அதே சாய்வில் பைக் இருக்க வேண்டும். இரண்டு சக்கரமும் சேர்ந்து தரையைத் தொட்டால் வேகம் குறையாது. இந்த விளையாட்டில் நேரத்தை மிச்சப்படுத்துவது ஆக்ஸிலரேட்டரை விட இந்த இறக்கம்தான் என்பது என் கணிப்பு.

கொஞ்சம் பழகியதும் ஒரு சந்தேகம் வரும். மேல் அம்பையும் இடது அம்பையும் அழுத்திக் கொண்டே ஸ்பேஸ் பாரைத் தட்டுவீர்கள், பைக் திரும்பாது. விளையாட்டில் கோளாறா, கம்ப்யூட்டரில் கோளாறா? இரண்டிலும் இல்லை. பல சாதாரண கீ போர்டுகள் இந்த மூன்று கீக்களையும் சேர்த்து ஏற்காது.

காரணம் இதுதான். நூற்றுக்கு மேற்பட்ட கீக்களுக்கும் தனித்தனி ஒயர் போட்டால் செலவு அதிகம். அதனால் உள்ளே குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் போட்டு, அவை சந்திக்கும் இடங்களில் கீக்களை வைக்கிறார்கள். உள்ளே உள்ள சிறிய சிப் ஒவ்வொரு கோடாகப் பார்த்து எந்தக் கீ அழுத்தப்பட்டது என்று கண்டுபிடிக்கிறது. ஒரு சதுரத்தின் மூன்று மூலைகளில் உள்ள கீக்களை ஒரே நேரத்தில் அழுத்தினால், நான்காவது மூலையும் அழுத்தப்பட்டது போலத் தெரியும். அழுத்தாத எழுத்து திரையில் வந்து விடக் கூடாது என்பதற்காக மூன்றாவது கீயை சிப் ஒதுக்கி விடுகிறது. கன்ட்ரோல், ஆல்ட், ஷிப்ட் கீக்களை இப்படி மோதாத விதத்தில் அமைத்திருப்பார்கள். கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றும் சேர்ந்து வேலை செய்வது அதனால்தான்.

உங்கள் கீ போர்டைச் சோதிக்க நோட்பேடைத் திறங்கள். மேல், இடது அம்புக்குறிகளை அழுத்திப் பிடித்துக் கொண்டு ஸ்பேஸ் பாரை அழுத்துங்கள். கர்சர் வலப்பக்கம் நகர்ந்தால் பிரச்சினை இல்லை. நகராவிட்டால் இடது கைக்கு எட்டும் எழுத்துக்களை ஒவ்வொன்றாக அதே முறையில் அழுத்திப் பாருங்கள். எந்த எழுத்து திரையில் வருகிறதோ அதைக் குறித்துக் கொள்ளுங்கள். மேல் அம்புடன் வலது அம்பைப் பிடித்தும் ஒருமுறை சோதியுங்கள். பிறகு எக்ஸ்-மோட்டோவின் ஆப்ஷன்ஸ் பகுதியில் கன்ட்ரோல்ஸ் சென்று, திரும்புவதற்கான கீயாக அந்த எழுத்தைக் கொடுங்கள். எந்த விளையாட்டிலும் ஷிப்ட் கீயை இப்படி அடிக்கடி தட்டும் வேலைக்கு வைக்காதீர்கள். ஐந்து முறை தொடர்ந்து தட்டினால் விண்டோஸ் "ஸ்டிக்கி கீஸ் வேண்டுமா" என்று கேட்டுக் கொண்டு நடுவில் வந்து நிற்கும்!

"என்-கீ ரோல்ஓவர்" என்று அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் கீ போர்டுகளில் இந்தத் தொல்லை கிடையாது. ஆனால் விலை கூடுதல். எழுத்தை மாற்றி வைத்துக் கொண்டால் இப்போது இருக்கும் கீ போர்டே போதும்.