ஒரு கோடியில் ஒரு ஃபோட்டான்

நம்ம புதுச்சத்திரத்திலிருந்து சென்னைக்கு ஒரு ரகசியச் சாவியை ஒற்றை ஃபோட்டான்களாக ஃபைபரில் அனுப்புறோம்னு வெச்சுக்குங்க. நடுவில் யாராவது அளந்து பார்த்தால் ஃபோட்டானின் நிலை கலையும், பிழைகள் கூடும், ஒட்டுக்கேட்பது தெரிந்துவிடும். 2022-ல் டி.ஆர்.டி.ஓ.வும் ஐ.ஐ.டி. டெல்லியும் பிரயாக்ராஜ் - விந்தியாசல் இடையே 100 கி.மீ.க்கு மேல் இப்படிச் சாவி அனுப்பிக் காட்டின.

சிக்கல் தூரம்தான். கிலோமீட்டருக்கு 0.2 டெசிபல் இழப்பு. 350 கி.மீ.க்கு 70 டெசிபல். அதாவது 1 கோடியில் 1 ஃபோட்டான்தான் போய்ச் சேரும்! ஆம்ப்ளிஃபையர் வைக்கலாமே? முடியாது. தெரியாத குவாண்டம் நிலையை நகலெடுக்க முடியாது என்ற விதி திருடனோடு சேர்த்து நம்மையும் தடுக்குது.

இங்கேதான் போஸ் - ஐன்ஸ்டைன் செறிபொருள் போன்ற மிகக் குளிர்ந்த அணுத்திரள்கள் கைகொடுக்கலாம். அவை ஒளியின் நிலையை அளக்காமலே சற்று நேரம் பிடித்து வைக்கும். சேலம், விழுப்புரம் என நிலையங்கள் வைத்து, துண்டு துண்டாகக் குவாண்டம் பிணைப்பை உண்டாக்கி, எல்லாம் தயாராகும்வரை காத்து, பிறகு இணைக்கலாம். அந்தச் "சற்று நேரத்தை" நீட்டுவதுதான் இன்றைய சவால். நம்மில் யார் இறங்கப் போறோம்?