பள்ளிச் செவிலியரின் கடமைகளும் பெற்றோர் அறிய வேண்டியவையும்

தமிழ்நாட்டில் படித்து வளர்ந்த பெற்றோருள் பெரும்பாலோர்க்குப் பள்ளிச் செவிலியர் என்பவர் அறிமுகமில்லாதவர். அங்கே அரசுப் பள்ளிகளுக்கு மருத்துவக் குழு எப்போதாவது ஒரு நாள் வந்து மாணவர்களைப் பரிசோதித்துச் செல்லும். 2013இல் மத்திய அரசு தொடங்கிய சிறார் நலத் திட்டத்தின்கீழ் நடமாடும் குழுக்கள் இப்பணியைச் செய்துவருகின்றன. மற்ற நாள்களில் தலைவலி என்று சொல்லும் பிள்ளையை ஆசிரியர் சற்று நேரம் மேசைமேல் தலைசாய்த்துப் படுக்கச் சொல்வார். காய்ச்சல் கூடினால் வீட்டிலிருந்து ஆள் வந்து அழைத்துச் செல்வர். இந்தப் பழக்கத்தோடு நியூ ஜெர்சிக்கு வரும் பெற்றோர், இங்குள்ள செவிலியரையும் காயத்துக்கு மருந்து போட்டு அனுப்புபவர் என்றே எண்ணிவிடுகின்றனர். உண்மையில், பள்ளி நேரத்தில் ஒரு பிள்ளையின் உயிர்காப்புத் தொடர்பான முடிவுகளை எடுக்கும் சட்டப்பூர்வப் பொறுப்பு அவரிடமே உள்ளது. அவர் அறிந்திருக்க வேண்டிய செய்தி வீட்டிலிருந்து வந்து சேராவிட்டால் அந்தப் பொறுப்பை அவரால் நிறைவேற்ற இயலாது.

இப்பணி தோன்றிய வரலாறே அதன் நோக்கத்தைக் காட்டும். 1902ஆம் ஆண்டு அக்டோபரில் நியூயார்க் நகரத்தில், லில்லியன் வால்டு நிறுவிய ஹென்றி தெரு இல்லத்தைச் சேர்ந்த லினா ராஜர்ஸ் என்னும் செவிலியர் நான்கு பள்ளிகளில் பணியமர்த்தப்பட்டார். அதற்கு முன்பு மருத்துவ ஆய்வாளர்கள் பேன், சொறிசிரங்கு, படர்தாமரை, கண்நோய் ஆகியவற்றைக் கண்டதும் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடுவர். ஏழைக் குடியேறிகளின் பிள்ளைகளான அவர்களுக்கு மருத்துவம் பார்க்க எவருமில்லை. வாரக்கணக்கில் தெருவில் திரிந்தனர். ராஜர்ஸ் பள்ளியிலேயே மருந்திட்டார், வீடுகளுக்குச் சென்று தாய்மாருக்குக் கற்பித்தார். 1902 செப்டம்பரில் 10,567 ஆக இருந்த விலக்கிவைப்புகளின் எண்ணிக்கை அடுத்த ஆண்டு செப்டம்பரில் 1,101 ஆகக் குறைந்தது. பிள்ளையை விலக்கி வைப்பதற்காக அன்று, வகுப்பறையில் இருத்துவதற்காகவே செவிலியர் வந்தார்.

நியூ ஜெர்சிச் சட்டப்படி ஒவ்வொரு கல்வி வாரியமும் ஒரு பள்ளி மருத்துவரையும், சான்றிதழ் பெற்ற செவிலியர் ஒருவரையோ பலரையோ நியமிக்க வேண்டும். இச்செவிலியர் மாநில உரிமம் பெற்ற பதிவுச் செவிலியராக இருப்பதோடு, மாநிலக் கல்வித் துறையின் பள்ளிச் செவிலியர் சான்றிதழும் பெற்றிருப்பார். ஆனால் சட்டம் கேட்பது வாரியத்துக்குக் குறைந்தது ஒருவரையே; கட்டடத்துக்கு ஒருவர் என்று அது சொல்லவில்லை. ஆகவே, தம் பிள்ளையின் பள்ளியில் செவிலியர் நாள் முழுதும் இருக்கிறாரா, வேறு பள்ளியையும் சேர்த்துக் கவனிக்கிறாரா என்று தொடக்கத்திலேயே கேட்டறிவது பெற்றோரின் உரிமை. நீண்டநாள் நோயுடைய பிள்ளைகளின் பெற்றோர் இதைக் கேட்காமல் விடக்கூடாது.

செவிலியரின் பொறுப்புகளுள் மிகக் கடுமையானது கடும் ஒவ்வாமையை எதிர்கொள்வது. உணவோ பூச்சிக்கடியோ காரணமாகச் சில நிமிடங்களில் உதடும் நாக்கும் வீங்கி, மூச்சுக்குழல் இறுகி, இரத்த அழுத்தம் சரியும் நிலை அது. அதற்கு முதன்மையான மருந்து எபிநெஃப்ரின். மக்கள் வழக்கில் எபிபென். தொடையின் வெளிப்புறத்தில், உடைக்கு மேலாகவே அதைச் செலுத்தலாம். 2015இல் இயற்றப்பட்ட நியூ ஜெர்சிச் சட்டம், எவர் பெயருக்கும் எழுதப்படாத பொது எபிநெஃப்ரின் ஊசிகளைப் பள்ளிகள் பாதுகாப்பான, ஆனால் பூட்டப்படாத இடத்தில் வைத்திருக்க வேண்டும் என்கிறது. முன்பு ஒவ்வாமையே கண்டிராத பிள்ளைக்கும் தேவையெனில் அதைச் செலுத்தலாம். செவிலியர் அருகில் இல்லாத வேளைக்காக, தாமாக முன்வரும் பள்ளிப் பணியாளர்களைத் தேர்ந்து, பயிற்சியளித்து, பொறுப்பாளராக அமர்த்துவதும் அவர் கடமையே. ஊசி போட்டபின் பிள்ளை தெளிந்துவிட்டாலும் அவசர ஊர்தியில் மருத்துவமனைக்கு அனுப்பியாக வேண்டும் என்பது சட்டம். அடங்கியதுபோல் தோன்றும் ஒவ்வாமை சில மணி நேரங்கழித்து மீண்டும் எழக்கூடும் என்பதே இதன் காரணம். இதைப் பள்ளியின் மிகைப்பதற்றம் என்று கருதி ஊர்தியை மறுக்கும் பெற்றோரும் உண்டு. அது தவறான துணிச்சல்.

தமிழ் வீடுகளுக்கு இதில் தனியான ஒரு செய்தி உண்டு. 2021இல் நிறைவேறிய கூட்டாட்சிச் சட்டம் எள்ளை ஒன்பதாவது முதன்மை ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. 2023 ஜனவரி 1 முதல் பொட்டல உணவுகளில் எள் இருந்தால் அதைக் குறிப்பிட்டாக வேண்டும். நம் சமையலில் எள் எங்கெல்லாம் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் வியப்பே மிஞ்சும். எள்ளுருண்டையும் எள்ளுச் சாதமும் வெளிப்படையானவை. இட்லிப் பொடியில் குழைத்த நல்லெண்ணெய், புளியோதரை, ஊறுகாய், எள் தூவிய முறுக்கு, தட்டை, அதிரசம் ஆகியவற்றில் அது மறைந்திருக்கும். செக்கில் ஆட்டிய எண்ணெயில் எள்ளின் புரதம் எஞ்சியிருப்பதால் ஒவ்வாமையுடைய பிள்ளைக்கு அதுவும் தீங்கானது. நம் கடைகளில் விற்கும் எண்ணெய்ப் புட்டிகளில் நல்லெண்ணெய் பெரும்பாலும் 'ஜிஞ்சலி' என்றே அச்சாகியிருக்கும். அமெரிக்கச் செவிலியர்க்கு எள் என்றால் 'செசமி'. 'ஜிஞ்சலி' என்ற சொல்லை அவர் கேள்விப்பட்டிருக்க வேண்டியதில்லை. கடைகளில் நிறுத்து விற்கும் இனிப்புக்கும், வீட்டில் செய்து பிறந்தநாளுக்குக் கொடுத்தனுப்பும் பலகாரத்துக்கும் உட்பொருள் பட்டியலே இராது.

'கடலை' என்ற சொல்லும் இத்தகையதே. பாட்டி 'பிள்ளைக்குக் கடலை ஒத்துக்கொள்ளாது' என்பார். அது வேர்க்கடலையா, கொண்டைக்கடலையா, பஜ்ஜிக்குக் கரைக்கும் கடலை மாவா? கடலை மாவு கொண்டைக்கடலை இனத்தின் பருப்பிலிருந்து வருவது; வேர்க்கடலையோ அவற்றினும் வேறான பொருள். வேர்க்கடலை முதன்மைப் பட்டியலில் உண்டு, கொண்டைக்கடலை இல்லை. மருத்துவரிடம் சோதித்து, எந்தப் பொருள் என்று எழுத்தில் பெற்ற சான்றே செவிலியருக்குப் பயன்படும். அதனைக் கொண்டு அவர் அப்பிள்ளைக்கென அவசரகாலத் திட்டம் ஒன்றை வகுத்து, வகுப்பாசிரியர், உணவுக்கூடப் பணியாளர், பேருந்து ஓட்டுநர் ஆகியோர்க்குத் தெரிவிக்க வேண்டியதைத் தெரிவிப்பார். 1973ஆம் ஆண்டின் மறுவாழ்வுச் சட்டம், பிரிவு 504இன்கீழ் கல்வி வசதிகளைக் கோரவும் இத்தகைய நோய்கள் இடந்தரும்.

மருந்து கொடுப்பதில் இங்குள்ள நடைமுறை நம்மவர்க்குச் சலிப்பூட்டுவது. மருத்துவரின் எழுத்து ஆணையும் பெற்றோரின் எழுத்து ஒப்புதலும் இன்றிச் செவிலியர் ஒரு மாத்திரைகூடக் கொடுக்கமாட்டார். மருந்து அதன் மூலக் கலத்தில், மருந்தகத்தின் சீட்டோடு இருக்க வேண்டும்; பெற்றோரே நேரில் கொண்டுவந்து தருவது நல்லது. புத்தகப் பையில் தாளில் மடித்து வைத்தனுப்பும் மாத்திரை பிள்ளையையே குற்றத்துக்கு உள்ளாக்கும். ஊரிலிருந்து கொண்டுவந்த மருந்துகளும், கஷாயம், லேகியம் போன்றவையும் பள்ளியில் கொடுக்க இயலாதவை. எனினும் பிள்ளை அவற்றை உட்கொண்டு வந்தால் அதைச் செவிலியரிடம் சொல்வது அவசியம். இந்தியாவில் பாராசிட்டமால் எனப்படுவதும் இங்கே அசிட்டமினோஃபென் எனப்படுவதும் ஒரே மருந்து. குரோசினும் டைலெனாலும் பெயரில்தான் வேறு. காலையில் வீட்டில் ஒன்றும் சற்றுநேரத்தில் பள்ளியில் மற்றொன்றுமாகக் கொடுத்தால் அளவு மிகுந்து கல்லீரலைத் தாக்கும். காய்ச்சலை மாத்திரையால் அடக்கிப் பள்ளிக்கு அனுப்புவதும் இவ்வகையில் சேர்ந்ததே. நண்பகலில் மருந்தின் வேகம் தணிய, காய்ச்சல் ஏறும். அதற்குள் பக்கத்துப் பிள்ளைக்கும் தொற்றியிருக்கும். மருந்தின் துணையின்றி 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாதிருந்த பிறகே பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்பது பொதுவான நெறி.

ஆஸ்துமா உள்ள பிள்ளை இன்ஹேலரைத் தானே வைத்திருந்து பயன்படுத்தச் சட்டம் இடமளிக்கிறது. அதற்கு, பிள்ளை அதைச் சரியாகக் கையாளும் என்ற மருத்துவரின் சான்றும் பெற்றோரின் ஒப்புதலும் தேவை; இவ்வனுமதி அந்தக் கல்வியாண்டுக்கு மட்டுமே செல்லும். 'வீசிங்' என்றும் 'சளித் தொந்தரவு' என்றும் மென்மையாகச் சொல்லி ஆஸ்துமாவைப் படிவத்தில் மறைக்கும் வழக்கம் சில குடும்பங்களில் உண்டு. பிற்காலத்தில் பிள்ளைக்கு, குறிப்பாகப் பெண்பிள்ளைக்கு, அது குறையாகிவிடும் என்ற அச்சமே அதன் காரணம். மாணவர் மருத்துவக் குறிப்புகளைப் பொதுப்பள்ளிகள் 1974ஆம் ஆண்டின் கல்விப் பதிவுகள் தனியுரிமைச் சட்டத்தின்கீழ்க் காக்கின்றன. கல்விப் பணியின் பொருட்டு அறிய வேண்டிய பணியாளர்க்கும், உயிருக்கோ பாதுகாப்புக்கோ நேரும் அவசர வேளையிலும் அன்றிப் பெற்றோரின் ஒப்புதலின்றி அவை பொதுவாக வெளியிடப்படா. மறைத்தால், சுற்றுலா நாளில் மூச்சுத் திணறும் பிள்ளைக்கு என்ன செய்வதென்று உடன் செல்லும் எவருக்கும் தெரியாது.

தடுப்பூசிப் பதிவுகளைச் சரிபார்ப்பது செவிலியரின் மற்றொரு கடமை. இந்தியாவிலிருந்து வரும் குடும்பங்கள் இங்கேதான் மிகுதியாக இடர்ப்படுகின்றன. முதலாவது தேதிச் சிக்கல்: ஊரில் நாள் முதலில், மாதம் அடுத்து; இங்கே மாதம் முதலில். 05/04 என்று எழுதிய அட்டையை இங்கே மே 4 என்று படிப்பர். மாதத்தை எழுத்தால் எழுதிய ஆங்கிலப் பதிவை ஊர் மருத்துவரிடம் பெற்று வருவது உதவும். இரண்டாவது தட்டம்மை. இந்திய அட்டவணைப்படி முதல் தவணை ஒன்பதாம் மாதத்தில் இடப்படுகிறது. நியூ ஜெர்சியோ முதல் பிறந்தநாளுக்குப் பின் இடப்பட்டதை மட்டுமே கணக்கில் கொள்ளும். தமிழ்நாட்டில் 2017இல் அறிமுகமான அரசுத் தடுப்பூசி தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் உரியது. அதில் பொன்னுக்குவீங்கிக்கான மருந்து இல்லை. சின்னம்மைத் தடுப்பூசி அரசு அட்டவணையிலேயே இல்லை. இங்கே இவை இரண்டும் கேட்கப்படும். எல்லா ஊசியும் போட்ட பிள்ளையை மீண்டும் ஏன் கேட்கிறார்கள் என்ற பெற்றோரின் எரிச்சலுக்கு விடை இதுவே. வெளிநாட்டிலிருந்து வருவோர் பதிவுகளைக் கொடுக்க 30 நாள் அவகாசம் தரப்படலாம். ஆயினும் பள்ளி சேரும் முன்பே மருத்துவரைக் காண்பது சிறந்தது. காசநோய்ச் சோதனை கேட்கப்பட்டால், பிறந்தவுடன் இட்ட பிசிஜி ஊசி தோல் சோதனையில் வீக்கத்தை உண்டாக்கக் கூடும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். இன்டர்ஃபெரான் வகை இரத்தச் சோதனையை அவ்வூசி பாதிக்காது. அதைச் செய்யலாமா என்று மருத்துவரைக் கேட்கலாம்.

ஆண்டுதோறும் உயரம், எடை, இரத்த அழுத்தம் பார்ப்பதும், உரிய வகுப்புகளில் கண், செவி ஆகியவற்றைச் சோதிப்பதும், 10 முதல் 18 வயது வரை இரண்டாண்டுக்கொருமுறை முதுகெலும்பு வளைவைப் பார்ப்பதும் செவிலியரின் வழக்கமான பணிகள். குறை காணப்பட்டால் வீட்டுக்குக் கடிதம் வரும். அது நோய் முடிவன்று, மருத்துவரிடம் காட்டுமாறு சொல்லும் அறிவிப்பு. கரும்பலகை தெரியாமல் மதிப்பெண் குறையும் பிள்ளை இக்கடிதத்தால் காப்பாற்றப்படுவதுண்டு.

விளையாட்டுக் காயங்களில் தலையில் படும் அடி தனிக் கவனத்துக்குரியது. மூளை அதிர்ச்சி ஏற்பட்டதோ என்று ஐயுறப்படும் விளையாட்டு மாணவரை உடனே களத்திலிருந்து விலக்க வேண்டும். தகுதியுடைய மருத்துவரின் எழுத்துச் சான்று வரும்வரை மீண்டும் ஆடவிடலாகாது. 'சின்ன அடிதானே, கிரிக்கெட்டில் படாததா' என்று பெற்றோர் வற்புறுத்துவதால் இவ்விதி தளராது. இதயம் திடீரென நின்றுபோகும் நிலைக்கென ஒவ்வொரு பள்ளியும் மின்னதிர்வுக் கருவி வைத்திருக்க வேண்டும் என்பது 2014 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த ஜேனட் சட்டம். 2006இல் இதயம் திடீரென நின்றுபோனதால் இறந்த 11 வயது நியூ ஜெர்சிச் சிறுமியின் பெயர் அதற்கு இடப்பட்டது.

ஒரு கடமையைப் பற்றித் தயக்கமின்றிச் சொல்ல வேண்டும். பிள்ளை அடிக்கப்பட்டதற்கோ புறக்கணிக்கப்பட்டதற்கோ நியாயமான ஐயம் எழுந்தால் அதை மாநிலக் குழந்தைப் பாதுகாப்புத் துறைக்கு உடனே தெரிவிக்கச் செவிலியர் கடமைப்பட்டவர். நியூ ஜெர்சியில் எவர்க்கும் இக்கடமை உண்டு. பெற்றோரிடம் முதலில் கேட்டு முடிவெடுக்கும் விருப்புரிமை அவருக்கில்லை. அடித்து வளர்ப்பதே முறை என்று எண்ணும் குடும்பங்கள் இதை அறிந்திருக்க வேண்டும். அதுபோலவே, துன்பத்தில் இருக்கும் பிள்ளை முதலில் நாடும் பெரியவர் பல வேளைகளில் செவிலியரே என்பதையும் அறிய வேண்டும். அடிக்கடி வயிற்றுவலி என்று வரும் மாணவரிடம் வலிக்கு அப்பாலும் கேட்பதற்கு அவர் பயிற்சி பெற்றவர்.

ஆங்கிலம் தடையாக இருப்பவர்கள் பள்ளியிடம் கட்டணமின்றி மொழிபெயர்ப்பாளரைக் கோரலாம். 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டத்தின் ஆறாம் தலைப்பு இதற்கு அடிப்படை. தாத்தா பாட்டியிடம் பிள்ளை விடப்பட்டிருக்கும் வீடுகளில் இது மிகவும் தேவை. பிள்ளையையே மொழிபெயர்க்க வைப்பது முறையன்று. தனக்கு நேர்ந்ததைப் பாதி மறைத்தே அது சொல்லும். இரத்தச் சர்க்கரை அளவையோ ஊசி அளவையோ பிழையாகச் சொன்னால் விளைவு பெரிது.

படிவங்களைக் கல்வியாண்டு தொடங்கும் முன்பே, ஆகஸ்டு மாதத்தில், மருத்துவரிடம் கையொப்பம் பெற்று வைப்பது எளிது. செப்டம்பரில் மருத்துவர்களின் நேரம் கிடைப்பது அரிது. அவசரத் தொடர்புப் பட்டியலில் இந்தியாவில் உள்ள உறவினரின் எண் பயன்படாது; பதினைந்து நிமிடத்தில் பள்ளிக்கு வரக்கூடிய அண்டை வீட்டாரோ நண்பரோ ஒருவரேனும் அதில் இருக்க வேண்டும். வேலை மாறினாலும் கைப்பேசி எண் மாறினாலும் அன்றே பள்ளிக்குத் தெரிவிக்க வேண்டும். ஜூன் மாதத்தில் பள்ளி முடியும்போது செவிலியரிடமுள்ள மருந்துகளைப் பெற்றோர் நேரில் வந்து திரும்பப் பெற வேண்டும்; பெறப்படாதவற்றைப் பெரும்பாலான பள்ளிகள் அழித்துவிடும். எபிநெஃப்ரின் ஊசியின் காலாவதித் தேதியை அப்போதே பார்த்துக்கொண்டால், அடுத்த ஆண்டுக்குப் புதியது வாங்கக் கோடை முழுவதும் அவகாசம் இருக்கும்.